அட்டையைப் பார்த்துவிட்டு எடு

ஞாயிற்றுக்கிழமை

கடல்மேல் இருக்கும் என் பேத்திக்கு, தரையில் இருக்கும் பாட்டி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறு மாசம் ஆகிறது. உன் சித்தப்பா நன்றாக இருக்கிறான். கண்ணாடிக் கடையில் லென்சைத் தானாகவே வெட்டும் இயந்திரம் வந்திருக்கிறதாம். "அப்ப நீ எதுக்குடா அங்க?" என்று கேட்டேன். "அது வெட்டினதை நான்தான் தேய்ச்சுச் சரி பண்ணணும்" என்றான். வேலை போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

போன கடிதம் வந்து சேர்ந்ததா? உன் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண், நான் கொடுத்த உறையின்மேல் டீ கிளாசை வைத்தாள். வட்டம் விழுந்திருக்கும், திருப்பிப் பார். இன்னொரு தடவை வைத்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா போன் செய்தாள். சாமான் அறையில் துணி போட்டு மூடியிருப்பது என்ன என்று பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் கேட்டிருக்கிறாள். தையல் மிஷின் என்று சொல்லிவிட்டேன். தையல் மிஷினுக்கு எதற்கு இரண்டு சக்கரம் என்று கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள்.

இனி நீ காத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நீ கப்பலுக்குக் கிளம்பும் முன் மூன்று நாள் அந்த அறையில் அடைந்து கிடந்து, உன் பைக்கின் வயிற்றைத் திறந்து, பெரிய பிஸ்டன், வேறு கேம், அகல வாய் ஏர் பில்டர், தொண்டை பெருத்த சைலன்சர் என்று என்னென்னவோ மாற்றினாய். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "பாட்டி, சாமான் மாத்தினா மட்டும் போதாது. இத்தனை காத்துக்கு இத்தனை பெட்ரோல்னு ஒருத்தர் சரியா டியூன் பண்ணணும். அதுவரைக்கும் யாரும் இதை ஸ்டார்ட்கூடப் பண்ணக் கூடாது" என்றாய். துண்டைக் கொடு என்றேன். அது நான் முகம் துடைக்கும் துண்டு. கறை இன்னும் போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை நீ கரைக்கு வருகிறாய், அந்த ஞாயிறே ரேஸ். நடுவில் இரண்டே நாள். அதற்குள் டியூன் செய்கிற ஆளைப் பிடித்து வை என்று இரண்டு கடையின் விலாசமும் ஐந்து கேள்வியும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாய். இரண்டு கடைக்கும் போய்விட்டு வந்தேன்.

முதல் கடை முழுக்கக் கண்ணாடி. செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று வாசலில் நின்று யோசித்தேன். உள்ளே மெத்தை நாற்காலி, குளிர்காற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய உருளை. அதன்மேல் வண்டியை ஏற்றிக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். சுவரில் இருக்கும் டிவியில் ஒரு கோடு மலைமேல் ஏறுகிறது. அந்தக் கடைக்காரன் என்னைப் பார்த்து, "சொல்லுங்க ஆன்ட்டி" என்றான். அவன் வயசுக்கு நான் ஆன்ட்டியாம். போகட்டும். உன் முதல் கேள்வியைக் கேட்டேன்: "எஞ்சின்ல என்னென்ன மாத்தியிருக்குன்னு நீங்க கேக்க மாட்டீங்களா?" அதற்கு அவன், "அதெல்லாம் மெஷினே சொல்லிடும் ஆன்ட்டி. எத்தனை குதிரை சக்தி வேணும்? அதை மட்டும் சொல்லுங்க" என்றான். "எனக்குக் குதிரையே வேண்டாம்பா, ஓட்டுற பொண்ணு முழுசா வீட்டுக்கு வந்தா போதும்" என்றேன். சிரித்தான். காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம், ஒரே நாள் வேலை என்றான்.

இருபத்தாறு வருஷம் லாண்டரியில் இஸ்திரி போட்டவள் நான். சட்டையின் காலரைத் திருப்பி உள்ளே என்ன துணி என்று பார்க்காமல் பெட்டியின் சூட்டை ஏற்றுகிறவனை எங்கள் மேஸ்திரி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இவன் காலரைத் திருப்பவே இல்லை.

இரண்டாவது கடை கடையே இல்லை. மாடியில் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், காயாத சட்டை ஒன்று நாற்காலியில். வண்டியைக் கொண்டுவரவே வேண்டாமாம். என்ன வண்டி, என்ன சாமான் என்று சொன்னால் போதும், கம்ப்யூட்டரிலேயே பைல் அனுப்பிவிடுவானாம். இதே சாமான் போட்ட வண்டிக்கு நாற்பது பேருக்குக் கொடுத்திருக்கிறானாம். "நாப்பது பேருக்கும் ஒரே அளவுச் சட்டையா?" என்றேன். "கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொருந்தும்மா" என்றான். எந்த பெட்ரோல் போட வேண்டும், சூடு ஏறினால் எப்படித் தெரியும் என்று உன் மூன்றாவது, நாலாவது கேள்வியைக் கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு, "அது வண்டியைப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்றான். இவனாவது உண்மையைச் சொன்னான். அதனால் இவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. வண்டியைத்தான் கொடுக்க மாட்டேன்.

இதையெல்லாம் சாப்பிடும்போது உன் சித்தப்பாவிடம் சொன்னேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வேலைக்கு ஒரே ஆள்தாம்மா இருக்காரு" என்றான். யாரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். எழுந்து போய்விட்டேன். என் தட்டை அவன்தான் கழுவினான்.

நீ உன் பட்டியலில் அந்த ஆளை எழுதவில்லை. எனக்காகத்தான் எழுதவில்லை என்று தெரியும். நடந்ததை யாரும் உனக்கு முழுசாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போது உனக்கு நாலு வயசு. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை, கேள்.

இருபத்தொரு வருஷம் ஆகிறது. உன் சித்தப்பாவும் உன்னை மாதிரித்தான். எஞ்சினைக் குடைந்து, கார்புரேட்டரை மாற்றி, சைலன்சரை மாற்றி, டியூன் செய்யச் சொல்லி அந்த ஆளிடம் விட்டிருந்தான். அப்போது அவன் கடை நம் தெருக்கோடியில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு அவனே வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தான். நீலச் சட்டை, மேலிருந்து மூன்றாவது பட்டன் மட்டும் வெள்ளை. நான் டாக்டர் வீட்டுத் துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். "தம்பி இல்லையா?" என்றான். வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். சாவியை என் கையில் கொடுத்து, "அட்டையைப் பாத்துட்டு எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான். கைப்பிடியில் சிவப்பு நூலில் ஒரு பழுப்பு அட்டை கட்டியிருந்தது. மருந்துச் சீட்டு மாதிரி ஏதோ கிறுக்கியிருந்தது.

லாண்டரியிலும் இப்படித்தான். துணி வெளுத்து முடிந்து வீட்டுக்குப் போகும்போது அட்டையோடு போகும். வந்து சேர்ந்ததும் அட்டையை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் உடுத்துகிறவனை ஊரே பார்த்துச் சிரிக்கும். அட்டையைப் பார்த்தேன், எடுத்தேன். நூல் நல்ல நூல், டாக்டர் வீட்டு மூட்டையைக் கட்டினேன். அட்டையை நாலாக மடித்து ஆடிக்கொண்டிருந்த இஸ்திரி மேசையின் காலுக்கு அடியில் வைத்தேன். மேசை நின்றது. சாவியை ஆணியில் மாட்டினேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் விடவில்லை.

அவன்தான் வேலையில் கோட்டை விட்டான். மறுநாள் காலை ஆறு மணிக்கு உன் சித்தப்பா ஓட்டிக்கொண்டு போனபோது பெரிய ரோட்டில் எஞ்சின் அப்படியே பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் நின்றுவிட்டது. பிள்ளை முப்பது அடி இழுபட்டுக்கொண்டு போனான். பெட்ரோல் பத்தாமல் உள்ளே காய்ந்து பிஸ்டன் ஒட்டிக்கொண்டது என்று வேறு மெக்கானிக் திறந்து பார்த்துச் சொன்னான். வலது முழங்கால் அன்றைக்கு நீட்டியது, இன்றைக்கு வரை மடங்கவில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள், அதற்குப் பிறகு வரவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து நான் அந்த ஆளின் கடைக்குப் போனேன். பத்துப் பேர் நடுவில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தப்புச் செய்யாதவனாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டானா? அதோடு விடவில்லை. தெருத்தெருவாக, கடைகடையாகச் சொன்னேன். ஆறு மாசத்தில் கடையைக் காலி செய்துகொண்டு பாலத்துக்கு அந்தப் பக்கம் போனான். அன்று எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது. உன்னிடம் எதற்குப் பொய்?

நாளைக்கு நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறேன். வண்டியைக் கொடுக்க இல்லை. உன் ஐந்து கேள்வியையும் கேட்டு, அவன் பதில் தெரியாமல் முழிப்பதைப் பார்த்துவிட்டு வந்து சித்தப்பாவின் வாயை அடைக்க.

நேரத்துக்குச் சாப்பிடு. எஞ்சின் அறையில் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்.

உன் நல்லதை மட்டும் நினைக்கும்
பாட்டி


வியாழக்கிழமை

என் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தகரம் போட்ட கடை. பெயர்ப்பலகை இல்லை. அவனிடமும் உருளை இருக்கிறது, பழசு. சைலன்சருக்குள் நுழைக்கிற ஏதோ ஒரு கம்பியும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பெட்ரோல் கூடவா குறைவா என்று சொல்வார்களாம். தலை முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடி போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தான். தெரிந்துகொண்டான். தெரிந்துகொண்டான் என்று எனக்கும் தெரிந்தது. ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

நான் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன்தான் கேட்டான். என்ன பிஸ்டன், எந்த கேம், போட்டபிறகு ஸ்டார்ட் செய்தார்களா, எந்த பெட்ரோல் போடப் போகிறார்கள், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வைத்திருக்கிறார்களா. "போட்டது யாரும்மா?" என்றான். என் பேத்தி என்றேன். "ஓட்டப் போறது?" அவளேதான் என்றேன். "அப்ப அந்தப் பொண்ணு கையால அளந்து காட்டாம நான் இதை ஸ்டார்ட் பண்ண மாட்டேன். அப்புறமும் உருளைமேல வெச்சு மெதுவா ஓட்டிப் பழக்கணும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பத்து நாளாவது ஆகும்" என்றான். இந்த ஆள் காலரைத் திருப்பிப் பார்க்கிறான் என்று என் மனசுக்குள் ஏதோ சொன்னது. அதை அடக்கினேன்.

அப்போது ஒரு பால்காரர் வந்தார். தடித்த உடம்பு. தன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கைப்பிடியைப் பிடித்தார். இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அண்ணே, அட்டை இருக்கு பாருங்க. அட்டை இருந்தா எடுக்கக் கூடாது" என்றான். "அட போப்பா, மாட்டுக்குச் சீட்டுக் கட்டின மாதிரி எல்லா வண்டிக்கும் கட்டி வெச்சிருக்கே" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அப்போதுதான் பார்த்தேன். வரிசையாக ஏழு வண்டி. ஏழு கைப்பிடியிலும் சிவப்பு நூலில் பழுப்பு அட்டை.

கண்ணு, என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. கடைசியில் கேட்டேன்: "அட்டை இருந்தா வேலை முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்?"

அவன் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்: "எங்க வேலையில இல்லீங்கம்மா. முடியலைன்னு அர்த்தம். முடிஞ்சா நானேதான் கழட்டுவேன்."

உட்கார மாட்டேன் என்ற ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அட்டையைப் பாத்துட்டு எடுக்கச் சொல்லுங்க" என்றானே, அவன் எடுக்கச் சொன்னது வண்டியை. நான் எடுத்தது அட்டையை.

அன்றைக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். அவனுக்கும் மறக்கவில்லை. கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு உண்டாம். அதன் ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் போகும். உன் சித்தப்பா எஞ்சினைக் குடைந்திருந்ததால் பெரிய ஓட்டை போட்ட ஜெட் வேண்டியிருந்தது. அது அன்றைக்குக் கிடைக்கவில்லை. இருந்த சின்னதைப் போட்டு, வீட்டில் நிற்கட்டும் என்று கொண்டுவந்து விட்டிருக்கிறான். கடையில் மழைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்ததாம். வேகமாக ஓட்டாதே, பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோகாதே, திங்கட்கிழமை வா என்று அட்டையில் எழுதியிருந்தானாம்.

"அன்னைக்கு நான் பத்துப் பேருக்கு முன்னாடி கேட்டேனே, ஏன் வாயைத் திறக்கலை?" என்று கத்தினேன். ஆமாம், அப்போதும் கத்தத்தான் வந்தது. "தம்பி வேண்டாம்னு சொன்னாரு" என்றான். பிறகு, "என் பேர்லயும் தப்பு இருக்கும்மா. ஓட்டுற ஆள் கையில குடுக்காம வந்தது தப்பு. நின்னு புரியச் சொல்லாதது தப்பு. இப்பல்லாம் யார்கிட்டயும் குடுக்கறது இல்லை. ஓட்டுறவங்க வந்தாத்தான் சாவி" என்றான்.

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை. பாலத்தை நடந்தே கடந்திருக்கிறேன். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பா வந்ததும் கேட்டேன்: உனக்குத் தெரியுமா? தெரியும் என்றான். எப்போதிருந்து என்றேன். அவன் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் என் சாபம். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் இஸ்திரி மேசை மறுபடி ஆட ஆரம்பித்தது. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று திட்டிவிட்டு, நான் வேறு அட்டை மடித்து வைத்தேன். ஒரு வயலட் சேலைக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆடியது.

எலி இல்லை. கட்டிலில் நீட்டிய காலோடு படுத்திருந்த பிள்ளை, கீழே விழுந்த சீப்பை எடுக்கக் குனிந்தபோது மேசைக் காலடியில் பார்த்திருக்கிறான்.

உள்ளே போய் ஒரு பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்துவந்தான். மடிப்பு நாலும் கிழிந்த அட்டை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், உனக்குத் தெரியும். விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். திங்-கட்-கிழ-மை வா. என்னால் படிக்க முடிந்தது, கண்ணு. அது அவ்வளவு மோசமான எழுத்து இல்லை. அன்றைக்கு நான் படித்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா கால் மடங்கிடுமா?" என்றான். அப்புறம் சொன்னான்: "உனக்கு யார்மேலயாவது கோவம் இருந்தாத்தான் சாப்பாடு இறங்கும்மா. அவர்மேல இருந்தா அவரு தாங்குவாரு. உன்மேலயே திரும்பினா நீ தாங்க மாட்டே. நீ இல்லாதப்ப அவரு என்னைப் பாக்க வந்தாரு, கேட்டேன், சரின்னுட்டாரு." ஒவ்வொரு சனிக்கிழமையும் காலுக்குப் பயிற்சி என்று நடந்து போவானே, பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் போயிருக்கிறான். அந்த ஆளுக்கு மூன்று தடவை கண்ணாடி மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

இரண்டு நாளாக உன் சித்தப்பாவோடு நான் பேசவில்லை. இருபத்தொரு வருஷம் என்னை முட்டாளாக வைத்திருந்தான். அவனும் பேசவில்லை. என் தட்டைக் கழுவுகிறான்.

இதை உன்னிடம் போனில் சொல்ல முடியாது. உன் அம்மாவிடம் சொல்லாதே. சொன்னாலும் நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பாட்டி


செவ்வாய்க்கிழமை

கரைக்கு வரப்போகும் என் பேத்திக்கு,

இந்தக் கடிதம் எப்படியும் நீ கரையில் இறங்கும் முன் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று ஜன்னல் பெண்ணிடம் கெஞ்சிக் கொடுக்கப் போகிறேன். டீ கிளாஸ் விஷயத்தை எடுக்க மாட்டேன்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன் வண்டி இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நேற்று ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் சித்தப்பாவும் போய் விட்டுவிட்டு வந்தோம். லாரி குலுங்கும்போதெல்லாம் அவன் காலை நீட்ட இடம் இல்லாமல் என் மடியில் வைத்துக்கொண்டான். அப்படித்தான் மறுபடி பேச ஆரம்பித்தோம். "காலை எடுடா" என்றேன். "எடுக்க மாட்டேன்" என்றான்.

அந்த ரேஸ் உனக்கு இந்தத் தடவை இல்லை. வியாழக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை ஓட்ட முடியாது. அவர் பத்து நாள் கேட்கிறார். (அவன் என்று எழுதிவந்தேன். இனி கை வரவில்லை.) நீ எழுதி வைத்த அளவு நோட்டைக் கையோடு கொண்டுவரச் சொன்னார். அவர் முன்னால் நீயே ஒரு தடவை அளந்து காட்ட வேண்டுமாம். எட்டு மாசமாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நீ நாள் எண்ணுவது எனக்குத் தெரியும். கடலில் இருந்துகொண்டு எண்ணுகிறாய், அது இன்னும் கஷ்டம்.

ஆன்ட்டி என்று கூப்பிட்ட கடைக்காரன் ஒரே நாளில் முடித்துக் கொடுப்பான். அதுவும் எனக்குத் தெரியும். உன் வண்டி, நீ போய்க் கேட்டால் அவர் சாவியைக் கொடுத்துவிடுவார். ஓட்டுகிறவர் கையில் கொடுப்பேன் என்று சொல்லும் ஆள், நீதான் ஓட்டுகிறவள். நான் தடுக்க முடியாது. உனக்குக் கோபம் வரும். நம் வீட்டில் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். என்மேல் வை. இரண்டு வருஷம் பேசாமல் இரு, வேண்டுமானால் இருபத்தொரு வருஷம் இரு. உன் சித்தப்பா சொன்னது தப்பு. இதை நான் தாங்குவேன்.

அவரிடம் ஏதாவது சொன்னேனா என்று நீ கேட்பாய். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தேன். கிட்டே போய் நின்றதும் ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு உங்க நீலச் சட்டையில மூணாவது பட்டன் வெள்ளை" என்றேன். சித்தப்பா வெட்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஞாபகம் இருக்காம்மா?" என்றார். "எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றேன். "சரிம்மா, விடுங்க" என்றார். எதை விடுவது என்று அவர் சொல்லவில்லை. நான் விட்டுவிட்டதாகவும் எழுத மாட்டேன். அது எனக்கு வராது.

பிறகு உன் வண்டியின் கைப்பிடியில் அட்டையைக் கட்டினார். கட்டும் முன் என்னிடம் நீட்டி, "படிச்சுப் பாருங்க" என்றார். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இருந்தாலும் படித்தேன், விரலை வைத்து, சத்தமாக. முடிக்கும்வரை நூலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே எழுத மாட்டேன். நீயே வந்து படி. என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படி.

உனக்கு நாலு வயசில் கதவிடுக்கில் விரல் நசுங்கியபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு கையால் உன்னைத் தூக்கிக்கொண்டு, உன் சித்தப்பா படுத்திருந்த அறையின் கதவைப் பார்த்து நின்றேன். இரண்டும் ஒரே வாரம். அந்த வராந்தாவில் எத்தனை ஜன்னல் என்றுகூட எனக்குத் தெரியும். மறுபடி அதை எண்ண என்னால் ஆகாது.

நீ முழுசாக, நன்றாக, நூறு வயசு இருப்பாய். வியாழக்கிழமை உன் அறையில் புது விரிப்பு போட்டு வைப்பேன். கறை பட்ட துண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், வந்து கையைத் துடைத்துக்கொள்.

அட்டையைக் கழற்றாதே.
வண்டியை எடுக்காதே.
புரியாமல் போகக் கூடாது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் பாட்டி